‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா?

அமெரிக்காவிலே, யூட்டா மாநிலத்திலே, புரோவோ என்றொரு நகரம் உண்டு. மோர்மன் சபையார் என வழங்கப்படும் கிறித்தவப் பிரிவினர், ஊழியத்துக்குப் புறப்படும் தம் இளைஞரைப் பயிற்றும் பெரிய நிலையமொன்றை அந்நகரிலே நடத்தி வருகின்றனர். ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. வருபவர் பெரும்பாலும் 18, 19 வயதுப் பிள்ளைகள். தாயார் ஆக்கிய உணவை உண்டு, தன் அறையிலே தன் விருப்பம்போல் உறங்கி எழுந்த பிள்ளை, ஒருநாள் பெட்டியுடன் வந்து இறங்குகின்றான். மார்பிலே பெயர்ச் சின்னம் ஏறுகின்றது. முன்பின் கண்டறியாத ஒருவன் அவனுக்குத் துணைவனாக நியமிக்கப்படுகின்றான். அன்று தொட்டு இருவரும் ஒருவரைவிட்டு ஒருவர் பிரிதல் கூடாது. ஆண்பிள்ளைகளுக்கு இவ்வாழ்வு இரண்டு ஆண்டுகள்.

அவர்தம் கொள்கைகளை ஆராய்வது ஈண்டு நமது நோக்கமன்று. நம் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கென்று குறிக்கப்பட்டவருட் பலர் தகாலோக் மொழியைக் கற்றல் வேண்டும். மணிலா நகரிலும் அதனைச் சூழ்ந்த மாகாணங்களிலும் வழங்கும் மொழி அது. அந்நாட்டின் தேசிய மொழிக்கு அடிப்படையும் அதுவே. கற்பதற்குக் கிடைக்கும் காலமோ சில வாரங்கள். ஆகையால், எழுத்து முதற்கொண்டு ஆறுதலாகப் படிப்பித்து வர அவகாசமில்லை. வந்த சில நாட்களுக்குள்ளேயே பிள்ளை அம்மொழியிலே வாய்விட்டுச் செபிக்கவேண்டும்; முன்னே அமர்ந்திருக்கும் ஒருவருக்குத் தன் நம்பிக்கையை அம்மொழியிலே எடுத்துச் சொல்லவும் வேண்டும். கடைத்தெருவிலே விலை கேட்கத் தெரியாதவன் கடவுளோடு பேசத் தொடங்குகின்றான்!

முதற் பாடம் தன் பெயரைச் சொல்வது. ‘அங் பங்ஙாலான் கோ அய்’ என்று தொடங்க வேண்டும். ‘என் பெயர்’ என்பது பொருள். இங்கேயே அமெரிக்கப் பிள்ளையின் நா தடுக்குகின்றது. நமது ஙகரத்தின் ஒலி அம்மொழியிலே மிகப் பயின்று வருவது. சொல்லின் முதலிலும் வருவது. ‘ஙிப்பின்’ என்றால் பல்; ‘ஙித்தி’ என்றால் புன்சிரிப்பு. நெடுங்கணக்கிலே ஙகரத்தை வைத்துக்கொண்டு அதனைச் சொல்லின் முதலில் ஏறவிடாத நமக்கும் இது புதுமையே. பன்மையைக் காட்ட ‘மங்ஙா’ என்னும் சொல்லைப் பெயருக்கு முன்னே வைப்பர். மாம்பழத்துக்கு அங்கே பெயர் ‘மங்கா’. நமது ‘மாங்காய்’ மலாய் மொழி வழியாகக் கடல் கடந்து சென்ற உருவம் அது என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஆகவே மாம்பழங்கள் என்பதற்கு ‘மங்ஙா மங்கா’ என்று சொல்லல் வேண்டும். மாணவ நேயர்கள் இதனை விரைவாகப் பத்துமுறை சொல்லிப் பார்க்கலாம்.

இன்னும் சில சொற்கள் நம் காதிலே உறவு கொண்டாடும். ஆசிரியர் ‘குரோ’, முகம் ‘முக்ஹா’, நம்பிக்கை ‘அசா’. வடமொழிச் சொற்கள் பழங்காலத்திலே அத்தீவுகளை எட்டியதன் சுவடுகள் இவை. ‘துக்ஹா’ என்பது அங்கே வறியவனைக் குறிக்கும். வறுமைக்கும் துக்கத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை என்பதனை அம்மக்கள் கண்டிருந்தனர் போலும்.

வினைச்சொல்லின் அமைப்பு வேறு வகையானது. நாம் காலத்தையும் இடத்தையும் பகுதியின் பின்னே அடுக்குவோம். அவர்களோ பகுதியைப் பிளந்து உள்ளே நுழைப்பர். ‘கா-இன்’ என்பது உண்ணுதல். உண்டான் என்பதற்கு ‘குமா-இன்’, உண்கின்றான் என்பதற்கு ‘குமாகா-இன்’, உண்பான் என்பதற்கு ‘காகா-இன்’. அழுத்தம் இடம் மாறினாற் பொருளும் மாறிவிடும். முன்னசையை அழுத்தி ‘பாக்கா’ என்றாற் பசு. பின்னசையை அழுத்தி ‘பக்கா’ என்றால் ‘ஒருவேளை’. ‘ஒருவேளை நாளைக்கு வருவேன்’ என்று சொல்ல வந்தவன் மாட்டை வரவழைத்துவிடக் கூடும்.

மரியாதைச் சொல் ஒன்றுண்டு. பெரியோரிடம் பேசும்பொழுது வாக்கியந்தோறும் ‘போ’ என்று சேர்த்தல் வேண்டும். நம் வீட்டுக்கு வந்த ஒருவர் சொல்லுக்குச் சொல் ‘போ, போ’ என்பாராயின் நாம் என்ன நினைப்போம்? அங்கே அதனைச் சொல்லாத பிள்ளையைத்தான் வளர்ப்பில்லாதவன் என்பர்.

இவையெல்லாம் பழகப் பழக வரும். பழகினாலும் எளிதில் வாராத ஒன்று, முதல் நாட் செபத்திலேயே காத்திருக்கின்றது. அதுதான் ‘நாம்’ என்னும் சொல்.

ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். தகாலோக் மொழியில் இரண்டு. கேட்பவரையும் உள்ளே சேர்த்துச் சொன்னால் ‘தாயோ’. கேட்பவரை வெளியே நிறுத்திச் சொன்னால் ‘கமி’. உடைமைப் பொருளிலும் அவ்வாறே: ‘நாத்தின்’ என்றால் நமது, ‘நாமின்’ என்றால் எங்களது. தமிழ்ப் பிள்ளைக்கு இதனைப் படிப்பிக்கவே வேண்டியதில்லை. ‘நாம் போவோம்’ என்றால் தனக்கும் இடமுண்டு என்று செருப்பைத் தேடும். ‘நாங்கள் போகிறோம்’ என்றால் அழத் தொடங்கும். முன்னையதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணகாரர் அழைப்பர். உண்மையைச் சொல்வதானால், யாழ்ப்பாணத்துப் பேச்சிலே இரண்டுக்கும் ‘நாங்கள்’ என்றே பெரும்பாலும் சொல்லி, குரலினாலும் குறிப்பினாலும் ஒப்பேற்றி விடுகின்றோம். எனினும் எழுதுகோலைப் பிடித்தவுடன் வேறுபாடு திரும்பி வந்துவிடுகின்றது. இப்பத்தியிலே ‘நாம்’ என்று நாம் எழுதுகையில் வாசகரையும் அருகே இருத்திக்கொள்கின்றோம் அல்லவா?

ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளை, முழந்தாளிட்டுக் கண்ணை மூடி, ‘எம்மை மன்னித்தருளும்’ என்று கேட்க முயல்கின்றான். ‘பாத்தாவாரின் மோ’ வரையில் வந்துவிட்டான். அடுத்த சொல் ‘கமி’யா, ‘தாயோ’வா? ‘தாயோ’ என்றாற் கேட்பவரும் அதனுள் அடக்கம். இங்கே கேட்பவர் ஆண்டவர். ‘ஆண்டவரே, உம்மையும் எம்மையும் சேர்த்து மன்னியும்’ என்றாகிவிடும். ஆகவே ‘கமி’ என்றே சொல்லல் வேண்டும். சரி என்று அதனை மனத்திற் பதித்துக்கொள்கின்றான். மறுநாள் ஒரு மனிதர் முன்னே அமர்ந்து, ‘கடவுளுக்கு நம்மீது அன்பு உண்டு’ என்று சொல்ல வருகின்றான். பழகிய நாவிலே ‘கமி’ வந்துவிடுகின்றது. அதன் பொருளோ, ‘கடவுளுக்கு எங்கள்மீது அன்பு உண்டு, உம்மீது அன்று’ என்பதாகும். கடல் கடந்து போகப்போவது எதனைச் சொல்வதற்காகவோ, அதற்கு நேர்மாறானதை இரண்டெழுத்துச் சொல் சொல்லிவிடுகின்றது. இலக்கணப் பிழை என்று சிரித்து விடக்கூடிய பிழையா இது?

இத்தடுமாற்றம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1565ஆம் ஆண்டிலே லெகாஸ்பி என்னும் தளபதியின் கப்பல்களில் ஸ்பானியர் வந்தபொழுது, அகுஸ்தீன் சபைத் துறவியரும் உடன் வந்தனர். 1571இல் மணிலா அவர்தம் ஆட்சியின் தலைநகராயிற்று. பிரான்சிஸ்கன் சபையார், இயேசு சபையார், தொமினிக்கன் சபையார் எனப் பின்னர் அடுத்தடுத்து வந்து சேர்ந்தனர். முதல் ஆயராகிய தொமிங்கோ தே சலசார் கூட்டிய 1582ஆம் ஆண்டுச் சங்கம், சமயபோதனை நாட்டு மக்களின் மொழிகளிலேயே நிகழவேண்டும் என்று தீர்மானித்தது. தீர்மானம் எளிது. அன்று வந்திறங்கிய துறவிக்கு மொழிப் பயிற்சி நிலையம் ஏது? தொடக்கத்திலே அகராதியும் இல்லை, இலக்கண நூலும் இல்லை. பிரான்சிஸ்கன் துறவியாகிய ஹுவான் தே பிளாசென்சியா முதலியோர் கேட்டும் எழுதியும் அவற்றைத் தொகுக்கவேண்டியிருந்தது.

அவர்தம் ஸ்பானிய மொழியிலும் ‘நாம்’ என்பதற்கு ஒரே சொல்தான்: ‘நோசோத்ரோஸ்’. ‘நாம்’, ‘மற்றையோர்’ என்னும் இரு சொற்கள் ஒட்டிப் பிறந்தது அது. சேர்ப்பதற்கும் விலக்குவதற்கும் அதனையே வழங்கிப் பழகியவர்கள் தகாலோக் மக்களுக்கு எதிரே நின்று தடுமாறியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

1593ஆம் ஆண்டிலே மணிலாவில் ‘தொக்திரினா கிறிஸ்தியானா’ என்னும் சிறு ஞானோபதேச நூல் மரப்பலகையிலே செதுக்கி அச்சிடப்பெற்றது. ஸ்பானிய மொழியும், தகாலோக் மொழியும், அம்மக்களின் பழைய எழுத்தாகிய ‘பைபாயின்’ எழுத்தும் அதிலே இடம்பெற்றன. கர்த்தர் கற்பித்த செபம் அதிலே ‘அமா நாமின்’ என்று தொடங்குகின்றது. ‘எங்கள் தந்தையே’ என்பது பொருள். ‘நாத்தின்’ என்று வந்திருந்தால் கடவுளுக்கும் ஒரு தந்தை உண்டென்றாகியிருக்கும். சரியான சொல்லை யார் காட்டிக்கொடுத்தாரோ? அருகே நின்ற தகாலோகர் ஒருவர் சிரித்திருப்பார், அல்லது முகஞ் சுளித்திருப்பார். துறவி எழுதியதை அழித்து எழுதியிருப்பார் என்பது நமது ஊகம்.

நம் பக்கத்திலும் இதே காலத்திலே இதே வேலை நடந்துகொண்டிருந்தது. முத்துக்குளிப்புத் துறைகளிலே பரதவ மக்களிடையே வாழ்ந்த போர்த்துக்கேய இயேசு சபைத் துறவி அன்றிக்கே அன்றிக்கசு, தமது மொழியிலே தமிழ் இலக்கணம் எழுதியதோடு, 1578இல் கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழெழுத்திலே அச்சேற்றினார். தமிழ்க் கிறித்தவர் இன்று சொல்லும் அச்செபத்திலும் தந்தைக்கு முன்னே நிற்பது ‘நம்’ அன்று, ‘எங்கள்’ என்பதே. அதே மக்கள் தம்முட் பேசும்பொழுது ‘நம் ஆண்டவர்’ என்பர். இரு மொழிகளும் உறவற்றவை. இவ்விடத்திலே கைகோத்து நிற்கின்றன.

துறவியர் விரைவிலே தேர்ச்சி பெற்றனர். 1590இல் வந்த இயேசு சபைத் துறவி பேத்ரோ சிரினோ, 1604இல் ரோமாபுரியிலே வெளியிட்ட நூலில், எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், ஸ்பானியம் ஆகிய நான்கின் சிறப்புகளும் தகாலோக் மொழியிலே உள்ளன என்று வியந்து எழுதினார். 1610இல் தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ பிளான்காஸ் தே சான் ஹோசே எழுதிய பேரிலக்கணம் பத்தான் மாகாணத்திலே அச்சாயிற்று. அதனை அச்சிட்டவர் தோமாஸ் பின்பின் என்னும் தகாலோகர். வருங்காலத் துறவியர் தம் முதல் நாட்களில் இருட்டிலே தடவ வேண்டியிராது.

ஆனால் அதே 1610இலே, அதே பின்பின் எழுதிய இன்னொரு நூலும் அச்சாயிற்று. தகாலோகர் ஸ்பானிய மொழியைக் கற்பதற்கான நூல் அது. உடையிலும் நடையிலும் காஸ்திலியரைப் பின்பற்றுகின்றீர்களே, அவர்தம் பேச்சை மாத்திரம் விட்டுவிடலாமா என்னும் கருத்துப்பட முன்னுரையிலே தம் இனத்தாரைக் கேட்கின்றார். இருமொழி அடிகளும் கலந்த பாட்டுகளையும் பயிற்சிக்கென்று வைத்தார். எஜமானருடைய இலக்கணத்துக்கு எழுத்துக் கோத்த கையே எதிர்வழிப் பாதையையும் திறந்தது. இந்த மனிதரை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

அப்பாதையிலே சென்றவர் சிலரே. ஸ்பானிய மொழியைக் கற்பிக்குமாறு அரசாணைகள் பலமுறை பிறந்தும் மக்களிற் பெரும்பாலோரை அது எட்டவில்லை. துறவியர் மக்கள் மொழியிலே நின்றனர். அதற்காக அம்மொழிகள் அவர்களுக்குக் கடமைப்பட்டுள்ளன, மறுக்கமாட்டோம். எனினும் பிரசங்க மேடையிலே பிழையின்றித் ‘தாயோ’ என்றவர்கள், பங்குகளின் பொறுப்பை யார் வகிப்பது என்ற வழக்கு எழுந்தபொழுது ‘கமி’ என்றனர். அந்நாட்டிலே பிறந்த குருமாருக்குப் பங்குகள் மறுக்கப்பட்டன. கொடுத்தவையும் மீளப் பெறப்பட்டன. அவர்களுடைய உரிமைக்காக நின்றமையாற் பகையைத் தேடிக்கொண்ட கோமெஸ், புர்கோஸ், சமோரா என்னும் குருமார் மூவர், கவித்தே கலகத்தின் பெயரால், 1872ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள் மணிலாவிலே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர். ஹோசே ரிசால் தமது இரண்டாவது நாவலை 1891இல் அம்மூவருக்கே காணிக்கையாக்கினார். அங்கே எவரும் இலக்கணத்திற் பிழைவிடவில்லை.

புரோவோவிலே பயின்றுகொண்டிருக்கும் பிள்ளைக்கு இவ்வரலாறு தெரிந்திருக்குமோ, என்னவோ. படுக்கைக்கு முன்னர் அவனும் துணைவனும் முழந்தாளிட்டு, ‘கமி’ என்று செபிக்கின்றனர். சென்ற வாரம் வரை ஒருவரையொருவர் அறியாதிருந்த இருவர் அச்சொல்லுக்குள்ளே அடங்கியிருக்கின்றனர்.

வாரங்கள் கழியும். பிலிப்பைன்ஸ் தீவிலே ஒரு சிற்றூர்த் தெருவில், வெயிலிலே வியர்த்து, அவன் நடந்து வருவான். திண்ணையிலே சோற்றுக் கோப்பையோடு அமர்ந்திருக்கும் பெண்பிள்ளை ஒருத்தி அவனைக் கண்டவுடன் ‘கா-இன் தாயோ’ என்பாள். ‘நாம் உண்போம், வாரும்’ என்பது பொருள். உண்டுகொண்டிருப்பவர் தெருவிலே போகின்றவரைப் பார்த்து இவ்வாறு அழைப்பது அந்நாட்டு வழக்கம். உபசாரத்துக்குச் சொல்வதுதான், பெரும்பாலும் எவரும் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. முகமறியாத அந்நியனையும் அவள் ‘கமி’க்கு வெளியே நிறுத்தவில்லை. அவனுக்கு அப்பொழுது வாயிலே வரக்கூடியது ‘சலாமாத் போ’, நன்றி ஐயா, நன்றி அம்மா, என்பது ஒன்றுதான்.