மதுரை சுல்தானின் மகள்

 

இப்னு பதூதாவை நம் பிள்ளைகளும் அறிவார்கள். 1344இல் இலங்கையில் வந்திறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உபசரிப்பைப் பெற்று, ஆதம் மலைக்குச் சென்றவர். அவருடைய மனைவியரில் ஒருவரான ஹூர்நஸபைத்தான் நாம் அறிவதில்லை.

ஹூர்நஸபின் வாப்பா ஜலாலுத்தீன் அஹ்ஸன். டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் கீழ், 'மஃபர்' எனப்பட்ட தமிழ்நாட்டுப் பகுதியை நிர்வகித்தவர். டில்லியோ வெகு தொலைவு. படையும் வரிப்பணமும் இவர் கையில். 1335 அளவில் தாமே சுல்தான் என்று அறிவித்தார். தம் பெயரில் நாணயமும் அடித்தார். அவரை அடக்கப் புறப்பட்ட துக்ளக்கின் படை, வழியில் தெலுங்கு நாட்டில் கொள்ளை நோய் கண்டு திரும்பிவிட்டது. ஜலாலுத்தீன் தப்பினார்.

குடும்பம் தப்பியதா? மகன் இப்ராஹீம் துக்ளக்கிடம் பணியாற்றியவர். துக்ளக்கின் கட்டளையாலேயே கொல்லப்பட்டார். ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் ஜலாலுத்தீனைத் தம் அமீர்களில் ஒருவரே கொன்றார். அடுத்தவர் அம்பு பட்டு மாண்டார். அதற்கடுத்தவர் 40 நாள் அளவே ஆண்டு கொலையுண்டார். பின்வந்த கியாஸுத்தீன், ஜலாலுத்தீனின் இன்னொரு மருமகன். போரில் பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் கூடக் கொன்றவர். சகலர் என்றும் பாராமல் இப்னு பதூதா அந்தக் கொடுமையைக் கண்டித்து எழுதினார். மதுரையில் பரவிய கொள்ளை நோய் கியாஸுத்தீனின் வீட்டையும் விடவில்லை. சிறிது காலத்தில் அவரும் மாண்டார். 1378 அளவில் அந்த ஆட்சியே இல்லாமற் போயிற்று.

ஹூர்நஸப் என்ன ஆனார்? இரவில் நின்று வணங்கும் ஸாலிஹான பெண் என்று கணவர் புகழ்கிறார். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. இருவரும் பின்னர் என்ன ஆனார்களோ, தாம் அறியேன் என்று முடித்துவிடுகிறார். வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது என்றும் குறிப்பிடுகிறார்.

வாப்பா கிளர்ச்சி செய்தார். கணவர் பயணம் போனார். இடையில் நின்ற பெண்ணின் சொல் ஒன்றும் நமக்கு மிஞ்சவில்லை. என் மூத்தம்மாவும் குர்ஆனை அழகாக ஓதுவார். காணி உறுதியில் கைநாட்டுத்தான் வைத்தார். அவர் கண்டதும் பட்டதும் அவரோடு மையித்துக்குழிக்குள் போய்விட்டன.

சகோதரிகளே, இன்று உங்கள் மகள்மாருக்கு எழுதத் தெரியும். உம்மாவின் கதையை, மூத்தம்மாவின் கதையை ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பதவி தேடி எழும் ஆண்களுக்கும் ஒரு சொல்: எழுமுன் வீட்டிலிருப்போரின் முகத்தை ஒரு தடவை பாருங்கள்.