காலில் பந்து! கண்ணில் விடுதலை!

விளையாட்டிலே அரசியலைப் புகுத்தாதீர் என்று உபதேசம் புரிவோர் உண்டு. நல்ல உபதேசந்தான்! அதை அல்ஜீரியரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்!

1945 மே 8. போர் முடிந்ததென்று ஐரோப்பா விழாக் கொண்டாடிய அதே நாளில், செத்தீப் நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் வந்த அல்ஜீரியர்மீது பிரெஞ்சு ஆதிக்கம் குண்டுமாரி பொழிந்தது. அந்நகரிலே அன்று எட்டு வயதுச் சிறுவன், ரஷீத் மெக்லூஃபி. வளர்ந்தான், பந்தாட்டத்தில் வல்லவனானான், பிரான்சிலே பெரும் பெயர் பெற்றான். 1958-ல் ஸ்வீடனில் உலகக் கோப்பை. பிரெஞ்சு அணியில் இடம். பணம், புகழ், மாலை, மரியாதை எல்லாம் காத்துக் கிடந்தன.

அவர் என்ன செய்தார்? ஏப்ரலிலே, இரவோடு இரவாக எல்லை தாண்டினார்! அவர் மட்டுமா? மொனாக்கோ குழுவின் முஸ்தஃபா ஜித்தூனியும், வேறு பலரும் வேறு வேறு வழிகளில் கிளம்பி, தூனிஸ் நகரிலே ஒன்று கூடினர். சிலர் பிடிபட்டுச் சிறை சென்றனர். மெக்லூஃபியோ பிரெஞ்சு இராணுவத்தில் சேவகம் செய்துகொண்டிருந்தவர். சிக்கினால் என்ன கதி என்று சொல்லவும் வேண்டுமோ!

நாடில்லை, அணி உண்டு. விடுதலை முன்னணியின் அணி! அங்கீகாரம் தர மறுத்தது ஃபிபா. இவர்களோடு ஆடுவோரையும் மிரட்டியது. கட்டுண்ட நாட்டுக்கு ஆட்டக்காரன் இருக்கலாம், அணி இருக்கலாகாதாம்! அரசியல் வேண்டாமென்ற அந்தப் பெரியவர்கள் அன்று செய்தது எது? ஆன்மிகமோ?

அணி அஞ்சவில்லை. அரபு நாடுகள், கிழக்கு ஐரோப்பா, சீனம், வடவியட்நாம் என்று சுற்றியது. 1961-ல் பெல்கிரேடிலே யூகோஸ்லாவியரை 6-1 என்று வென்றது. 1962-ல் நாடு விடுதலை பெற்றது.

இருபது ஆண்டு கழித்து, 1982-ல், ஸ்பெயினிலே முதல் உலகக் கோப்பை. பயிற்சி தந்தோருள் ஒருவர், அதே மெக்லூஃபி! எதிரே மேற்கு ஜெர்மனி. இருமுறை உலகக் கோப்பை வென்ற அணி. ஆட்டத்துக்கு முன்பே ஏளனம் பேசினர். மஜர் ஒன்று, பெல்லூமி ஒன்று. அல்ஜீரியா 2, ஜெர்மனி 1. ஏளனம் வாயடைத்தது!

பிறகு நடந்ததுதான் சூது. ஆஸ்திரியாவிடம் தோற்றாலும், சிலியை 3-2 என வென்றது அல்ஜீரியா. மறுநாள், ஜூன் 25-ல், ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒரு கோலில் வென்றால் இருவருக்கும் இடம், அல்ஜீரியா வெளியே. பத்தாம் நிமிடத்தில் கோல் விழுந்தது. அப்புறம் ஆட்டமா நடந்தது? பந்தை இங்குமங்கும் உருட்டிப் பொழுது போக்கினர்! அரங்கிலிருந்த அல்ஜீரியர் பணநோட்டை ஆட்டிக் காட்டினர். எவ்வளவுக்கு விலை போனீர் என்று கேட்பதுபோல!

முறையீடு போயிற்று. விதி மீறப்படவில்லை என்று தள்ளிவிட்டனர். விதி மீறப்படவில்லையாம், ஆனால், 1986 முதல் பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டுமென்று விதியையே மாற்றினர்! குற்றமே இல்லையென்றால் பூட்டு எதற்கு?

1990-லும் 2019-லும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றனர் அல்ஜீரியர். 2014 உலகக் கோப்பையில் அதே ஜெர்மனியைக் கூடுதல் நேரம்வரை இழுத்து, 2-1 என்றே தோற்றனர். மெக்லூஃபி 2024-ல் மறைந்தார். 1982-ல் பறிபோன அந்த இடத்தை மட்டும் எவரும் திருப்பித் தரவில்லை.