நம்மைக் கேட்காமல் நமக்குச் சமாதானமா?



"பேச்சுவார்த்தை, அரசியல் தீர்வு எல்லாம் வடக்கு கிழக்கு ஆட்களின் விஷயம். நமக்குச் சம்பளம் கிடைத்தால் போதும்." பிரட்டுக்களத்திலும் கோயில் திடலிலும் இப்படிப் பேசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கொழும்பில் இருக்கும் பெரிய மனிதர்களுக்கும் இந்தப் பேச்சுத்தான் பிடிக்கும். ஆனால் இது தவறான பேச்சு. நமக்கு ஆபத்தான பேச்சும்கூட.

நாம் வாய் திறக்காவிட்டால் நம்மைப் பற்றிப் பேசமாட்டார்களா? பேசுவார்கள். நம்மை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் புதுடில்லியில் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். கொழுந்தைத் தராசில் நிறுப்பதுபோல் மனிதரை நிறுத்தார்கள். அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாகக் குடும்பங்கள் சிதறின. தொழிலாளியை யார் கேட்டார்?

"அது இரண்டு நாட்டு விவகாரம். இனப்பிரச்சினைப் பேச்சு வேறு" என்று சிலர் சொல்லலாம். அங்கேயும் நமது கதை இதுதான். 1957இன் பண்டா–செல்வா ஒப்பந்தத்தில் நமது பிரஜாவுரிமைக்குக் கிடைத்தது "விரைவில் கவனிக்கப்படும்" என்ற வாக்குறுதி மட்டுமே. அடுத்த ஏப்ரலில் ஒப்பந்தமே கிழிக்கப்பட்டது. 1985இல் திம்புவில் தமிழர் தரப்பு வைத்த நான்கு கோரிக்கைகளில் நமது பிரஜாவுரிமையும் ஒன்று. ஆனால் அந்த மேசையில் தோட்டத் தொழிலாளிக்கு நாற்காலி இருக்கவில்லை.

நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோர் பிரச்சினை எப்போது அசைந்தது? 1986 ஜனவரியில் தோட்டம் தோட்டமாக நமது ஆட்கள் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் உட்கார்ந்தபோது அசைந்தது. யுத்தச் சூழலும் இந்தியாவின் நெருக்குதலும் அரசாங்கத்தைத் தள்ளின என்பது உண்மை. ஆனால் தேயிலை நின்றதும்தான் வேகம் வந்தது. அந்த வருடமே சட்டம் வந்தது.

1987இல் இலங்கை–இந்திய ஒப்பந்தம் வந்தது, மாகாண சபைகள் வந்தன. அதே வருடம் பிரதேச சபைச் சட்டமும் வந்தது. அதிகாரம் கிராமத்துக்கு இறங்குகிறது என்றார்கள். அது தோட்ட எல்லையில் வந்து நின்றுவிட்டது! தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட அந்தச் சட்டம் இடம் தரவில்லை. நமது வாக்கில் தெரிவான உறுப்பினரே நமது லயத்துப் பாதையைச் செப்பனிட முடியாமல் நின்றார். அதைத் திருத்த 2018 வரை, 31 வருடங்கள் ஆயின. சட்டம் எழுதிய இடத்தில் நாம் இல்லாததற்கு நாம் கொடுத்த விலை இது.

யுத்தம் வடக்கோடு நின்றதா? 1977, 1981, 1983 ஆகிய வருடங்களில் எரிந்த லயங்கள் எந்த மாகாணத்தில் இருந்தன? சமாதானம் கெட்டால் நமது கூரையும் எரியும். அப்படியானால் அதைப் பேசும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் வட அயர்லாந்தைப் பார்க்கட்டும். முப்பது வருட மோதலில் அங்கே சுமார் 3,500 பேர் மாண்டார்கள். பேச்சு மேசைக்கு வரும் கட்சிகளைத் தேர்தலில் மக்களே தெரிவுசெய்தார்கள். கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துப் பெண்கள் சேர்ந்து 1996இல் ஒரு கட்சி அமைத்து அந்த மேசையில் உட்கார்ந்தார்கள். 1998 ஏப்ரலில் உருவான ஒப்பந்தம் மே மாதம் மக்கள் வாக்குக்கு விடப்பட்டது. 71 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அதன்பின் சட்டசபை பலமுறை முடங்கியது. ஆனாலும் பழைய யுத்தம் திரும்பவில்லை. மக்கள் கைப்பட்ட ஒப்பந்தத்தைக் கிழிப்பது சுலபமல்ல.

தோழர்களே, பேச்சுவார்த்தை என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சங்கத்தை விட்டுவிட்டுக் கம்பனிகள் மட்டும் கையெழுத்துப் போட்டால் அதைச் சம்பள ஒப்பந்தம் என்று ஏற்போமா? அரசியல் தீர்வையும் அதே அளவுகோலால் அளப்போம். மலையக மக்களின் பிரதிநிதிகள் தனித் தரப்பாக மேசையில் இருக்க வேண்டும். காணியும் வீடும் உள்ளூராட்சியும் சட்ட வரிகளாக எழுதப்பட வேண்டும். "கவனிக்கப்படும்" என்ற சொல் நமக்கு வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் திகதி வேண்டும். மத்திய மாகாண சபைக்கு 2013இலும் ஊவாவுக்கு 2014இலும் நடந்த தேர்தலுக்குப் பிறகு இழுத்தடித்த கதை நம் கண்முன் இருக்கிறது.

சிங்களத் தொழிலாளியும் முஸ்லிம் தொழிலாளியும் நமக்கு எதிரியல்ல. ஒரே பக்டரியில், ஒரே சங்கத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறோம். அந்தப் பழக்கம்தான் நாட்டுக்கு நாம் கொண்டுபோகக்கூடிய முதல் பாடம்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சம்பளத்தோடு இதையும் பேசுங்கள். தலைவர்மாரும் மாதர் தலைவிகளும் தீர்மானம் எழுதி அனுப்புங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "அந்த மேசையில் எங்கள் நாற்காலி எங்கே?"