ஒரு கவிஞர் வைத்த பெயர்

பிள்ளைக்கு வைக்கும் பெயர் பழைய பெயராக இருக்க வேண்டும், புராணத்திலோ சங்க இலக்கியத்திலோ புனிதர் வரிசையிலோ அதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என்று அடித்துப் பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அதில் நம் வயதுக்காரர்கள்தான் அதிகம். பேத்தி பிறந்தவுடன் இந்தப் பேச்சு தொடங்கும். "இது என்ன பெயர், அர்த்தமே இல்லாமல்?" என்று தாத்தா ஒரு பக்கம், "நாங்கள் பெற்ற பிள்ளைக்கு நாங்கள் வைக்கிறோம்" என்று இளையவர்கள் ஒரு பக்கம். சம்பந்திகள் இதனால் முகம் கொடுத்துப் பேசாமல் போன வீடுகளும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்காக ஒரு ரஷ்யப் பெண்பெயரின் கதையைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் பெயர் ஸ்வெத்லானா. ரஷ்ய மொழியில் 'ஸ்வெத்' என்றால் ஒளி. ஒளி பொருந்தியவள் என்று பெயருக்குப் பொருள். சமஸ்கிருதத்தில் வெண்மையைக் குறிக்கும் 'சுவேத' என்ற சொல்லும் இந்த 'ஸ்வெத்'தும் ஒரே வேரில் பிறந்த உறவுகள். இங்கிலீஷ்காரனின் 'ஒயிட்' கூட அந்தக் குடும்பம்தான். ரஷ்யத் தாய் தன் மகளைச் செல்லமாகக் கூப்பிடும்போது 'ஸ்வெத்தா' என்பாள். நம் தெருவில் யாரோ ஸ்வேதாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள்.

இவ்வளவு அழகான பெயர் ஆயிரம் வருஷத்துப் பெயராக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஸ்வியாத்தஸ்லாவ், விளாதிமிர் போலப் பழைய ஸ்லாவியப் பெயர்களின் வாசனை அதில் அடிக்கிறது. ஆனால் அதன் வயது இருநூறு சொச்சம்தான். வோஸ்தோக்கவ் என்ற கவிஞர் 1802-ல் பழங்காலத்து வீரக்கதை போல ஒன்றை எழுதினார். அதன் நாயகிக்குப் பழமையாக ஒலிக்கும்படி அவர் வைத்த பெயர் இது. பிறகு ழுக்கோவ்ஸ்கி என்ற பெருங்கவிஞர் அதே பெயரில் எழுதிய கதைப்பாடல் 1813-ல் வெளிவந்தது. பியூர்கர் என்ற ஜெர்மானியர் எழுதிய ஒரு பாடலைத் தழுவியது அது. ஜெர்மன் பாட்டில் இறந்துபோன காதலன் குதிரையில் வந்து பெண்ணைக் கல்லறைக்கே கொண்டுபோய் விடுவான். ழுக்கோவ்ஸ்கிக்கு மனசு வரவில்லை. தன் நாயகி திருக்காட்சித் திருநாளுக்கு முந்திய இரவில் கண்ணாடி வைத்துக் குறி பார்க்கிறாள், பயங்கரமாகக் கனவு காண்கிறாள், விழித்துப் பார்த்தால் காதலன் உயிரோடு வாசலில் வந்து நிற்கிறான் என்று முடித்துவிட்டார். ரஷ்யா முழுதும் அந்தப் பாட்டை மனப்பாடம் செய்தது. நண்பர்கள் கவிஞருக்கே 'ஸ்வெத்லானா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1836-ல் புரூலோவ் என்ற ஓவியர் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை வரைந்தார்.

சரி, ஊரே விரும்பிய பெயரைப் பெண் குழந்தைகளுக்கு வைத்தார்களா என்றால் இல்லை, வைக்க முடியவில்லை. அந்தக் காலத்து ரஷ்யாவில் பிறப்புப் பதிவேடு இருந்தது கோயிலில். பாதிரியார் புனிதர் பட்டியலைத் திறந்து பார்ப்பார். ஸ்வெத்லானா என்று ஒரு புனிதை இல்லை, ஆகவே ஞானஸ்நானம் கிடையாது. வேண்டுமானால் 'ஃபொத்தீனியா' என்று வைத்துக்கொள், அதுவும் கிரேக்க மொழியில் ஒளிதானே என்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் 1896-ல் ரஷ்யக் கடற்படைக்காக நீரில் இறக்கிய ஒரு போர்க்கப்பலுக்கு ஸ்வெத்லானா என்றே பெயர். 1905-ல் ஜப்பானோடு நடந்த சுஷிமா சண்டையில் அது மூழ்கிப்போனது. கப்பலுக்கு வைக்கலாம், குழந்தைக்குக் கூடாது!

ரஷ்யப் பாதிரிமாரைப் பார்த்து மட்டும் சிரிக்க வேண்டாம். சுதந்திரம், சமத்துவம் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த பிரான்ஸ் என்ன செய்தது? புரட்சி நாட்காட்டியின் 11-ம் ஆண்டு ஜெர்மினால் 11, அதாவது 1803 ஏப்ரல் 1-ம் தேதி, ஒரு சட்டம் போட்டது. நாட்காட்டிகளில் உள்ள பெயர்களையும், பண்டைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களையும்தான் பிள்ளைகளுக்கு வைக்கலாம் என்றது. பிரெத்தாஞ் பகுதிக்காரர்கள் தங்கள் தாய்மொழியில் வைத்த பெயர்களை 20-ம் நூற்றாண்டில்கூட ஏத்தா சிவில் அதிகாரிகள் எழுத மறுத்தார்கள். 1993 ஜனவரி 8-ம் தேதிச் சட்டம் வந்த பிறகே பெற்றோருக்கு முழு உரிமை கிடைத்தது. ஆக, பட்டியலை வைத்துக்கொண்டு பெயரை மறுப்பதற்குக் கோயிலென்றும் சர்க்கார் என்றும் வித்தியாசம் இல்லை.

1917 புரட்சிக்குப் பின் ரஷ்யாவில் பதிவேடு பாதிரியாரிடமிருந்து சர்க்கார் அலுவலகத்துக்கு மாறியது. உடனே ஜனங்கள் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். அக்டோபர் புரட்சிக்காக 'ஒக்தியாப்ரினா', லெனினைத் திருப்பிப் போட்டு 'நினெல்' என்றெல்லாம் வந்தன. அவற்றில் பலவும் காலத்தோடு மங்கின. ஸ்வெத்லானா நின்றது. சாமி கும்பிடுகிறவனுக்கும் ஒளி வேண்டும், புரட்சிக்காரனுக்கும் ஒளி வேண்டும் அல்லவா! 1926-ல் ஸ்டாலின் தன் மகளுக்கு இந்தப் பெயரை வைத்தார். நூற்றாண்டின் நடுவில் சோவியத் நாட்டில் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஸ்வெத்லானாக்கள் இருந்தார்கள்.

அந்த மகளின் கதை நம்மோடு தொடர்புடையது. ஸ்டாலின் என்பதே அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர், எஃகு என்ற சொல்லிலிருந்து எடுத்தது. கலைஞர் கருணாநிதி 1953 மார்ச் 1-ல் பிறந்த தம் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். ஆனால் ஸ்டாலினின் சொந்த மகள் 1957-ல் தந்தையின் பெயரை உதறிவிட்டு, அலிலுயேவா என்ற தாய்வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார். பிரஜேஷ் சிங் என்ற இந்தியரை நேசித்தார். சட்டப்படி மணம் செய்ய அரசு விடவில்லை. 1966-ல் பிரஜேஷ் இறந்ததும் அஸ்தியை எடுத்துக்கொண்டு கங்கைக் கரையில் உள்ள காலாகாங்கர் ஊருக்கு வந்தார். 1967 மார்ச் 6-ம் தேதி டில்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நுழைந்து அடைக்கலம் கேட்டார். அமெரிக்காவில் மணம் செய்துகொண்டு லானா பீட்டர்ஸ் ஆனார். 2011-ல் அங்கேயே இறந்தார். எல்லாப் பெயரும் போன பிறகும் கவிஞர் கொடுத்த பெயரின் வால் மட்டும் கடைசி வரை அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வேறு ஸ்வெத்லானாக்களையும் பாருங்கள். நம் ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் தங்கிவந்த சல்யூத் 7 விண்நிலையத்தில், அதே ஆண்டு ஜூலையில், ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா வெளியே வந்து விண்வெளியில் மிதந்தார். அப்படிச் செய்த முதல் பெண் அவர். செர்னோபிலில் பாதிக்கப்பட்ட எளிய ஜனங்களின் குரலைப் புத்தகமாக்கிய ஸ்வெத்லானா அலெக்சியேவிச் 2015-ல் நோபல் பரிசு பெற்றார். ஒருவர் ஊர் ஊராக அலைந்தவர், ஒருவர் ஆகாயத்தில் நடந்தவர், ஒருவர் அடுத்தவர் துயரத்தைக் காது கொடுத்துக் கேட்டவர். பெயர் ஒன்றுதான், எழுத்துக் கூட்டினால் எண்ணும் ஒன்றுதான் வரும். எண்கணிதக்காரர் இதற்கு என்ன சொல்வார்? ஒரு எழுத்தைக் கூட்டிப் போடச் சொல்வாராயிருக்கும், தட்சணையோடு.

இன்று ரஷ்யாவில் ஸ்வெத்லானா என்றால் பெரும்பாலும் அம்மா, பாட்டி வயதுக்காரர்கள். இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு அன்னா, மரியா, சோஃபியா என்று பழைய பெயர்கள் திரும்பி வந்துவிட்டன. ஆக, புதுப்பெயர் பாட்டியின் பெயராகிறது, பாட்டியின் பெயர் பேத்தியிடம் புதிதாகிறது.

காலமெல்லாம் பதிவேடு எழுதிப் பிழைத்த குமாஸ்தா என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயருக்குச் சான்றிதழ் கொடுப்பது வேதமும் அல்ல, பட்டியலும் அல்ல. அதைக் கூப்பிடுகிற வாய்தான். எழுதுகிறவன் வேலை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளையை ஊர் கேலி செய்யும்படியான பெயரென்றால் தடுக்கத்தான் வேண்டும். பிரான்ஸின் 1993-ம் ஆண்டுச் சட்டமும் பிள்ளையின் நலனுக்குக் கேடு என்றால் அதிகாரி மேலே தெரிவிக்கலாம் என்று ஒரு கதவை வைத்திருக்கிறது.

மற்றபடி, நம் இளையவர்கள் இரண்டு எழுத்தை இங்கிருந்தும் இரண்டு எழுத்தை அங்கிருந்தும் எடுத்து ஒரு பெயரைச் செய்தால் கோபப்படாதீர்கள். அர்த்தம் என்னவென்று கேட்டு மடக்காதீர்கள். அந்தக் குழந்தை வாழ்ந்து அதற்கு அர்த்தம் கொடுக்கும். தாத்தா பாட்டிக்கு இருக்கிற வேலை, அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஆசையாகக் கூப்பிடுவது.