கொதிநீர்க் குழாய் வாங்கலாமா? கெட்டிலே போதுமா?

குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் கொட்டும். அடுப்பு மூட்ட வேண்டாம். காத்திருக்கவும் வேண்டாம். மேல்நாட்டு வீடுகளில் பரவி வரும் சாதனம் இது. "குழாயிலேயே வெந்நீர்" என்ற விளம்பரம் நம் பக்கத்துக்கும் வந்துவிட்டது.

கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது கச்சிராயபாளையம். பக்கத்தில் கோமுகி அணை. கரும்பு விளையும் பூமி. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இங்கே வீட்டுக்கு வீடு வெந்நீர் வேண்டும். காப்பி போட, குழந்தைக்குப் பால் கரைக்க, பெரியவர்கள் குடிக்க.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பத்துக்கு அந்தக் குழாய் லாபமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குழாய் எப்படி வேலை செய்கிறது?

இதைக் கண்டவர் ஹாலந்து நாட்டு ஹென்றி பெட்டேரி. 1970-ல் யூனிலீவர் கம்பெனியில் இருந்தபோது, நொடியில் தயாராகும் சூப் பற்றி ஆராய்ச்சி நடந்தது. "நொடியில் சூப் வேண்டுமானால், நொடியில் கொதிநீரும் வேண்டுமே!" என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்தது இந்தக் குழாய்.

சமையல் மேடைக்குக் கீழே ஒரு சிறு தொட்டி இருக்கும். அதில் தண்ணீர் எப்போதும் 100 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்கும். நம் வீட்டு பிளாஸ்க்கைப் போல இரட்டைச் சுவர். நடுவில் காற்று இல்லை. அதனால் சூடு எளிதில் வெளியே போகாது.

கணக்கு என்ன?

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் கெட்டிலுக்குச் சுமார் 0.1 யூனிட் மின்சாரம் ஆகும். அதாவது ஒரு யூனிட்டில் 10 லிட்டர். 1500 வாட் கெட்டிலில் ஒரு லிட்டர் கொதிக்க நான்கு நிமிஷம் போதும்.

கொதிநீர்க் குழாயும் தண்ணீரைச் சுட வைக்க ஏறக்குறைய இதே அளவு மின்சாரம்தான் எடுக்கும். ஆனால் நாம் தூங்கும்போதும் அது தூங்காது. நல்ல தொட்டிகூட, சூட்டைக் காப்பாற்ற 10 வாட் அளவு இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 0.24 யூனிட். இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். ஒரு சொட்டு நீர் பிடிக்காவிட்டாலும் இந்தச் செலவு உண்டு.

வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழக அரசு உத்தரவு போட்டது. மின்சாரம் கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறுவது தெரிந்ததே. சிக்கனக் குடும்பத்துக்கு 14 யூனிட் சின்னக் கணக்கு அல்ல.

விலையோ இன்னும் பெரிது. இங்கிலாந்தில் நல்ல கொதிநீர்க் குழாய் ஆயிரம் பவுனுக்கு மேல். நம் பணத்தில் லட்சம் ரூபாயைத் தாண்டும். கெட்டிலோ ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. கிணற்று நீர், போர் நீர் உப்பாக இருந்தால் தொட்டிக்குள் வெள்ளைப் படிவு கட்டும். கெட்டில் என்றால் எலுமிச்சம் சாறு ஊற்றிக் காய்ச்சினால் விட்டுப் போகும். தொட்டிக்கு மெக்கானிக்கைத் தேட வேண்டும்.

ஏமாறாதீர்கள்!

முக்கியமான விஷயம் இதுதான். கடைகளில் மலிவாக ஒரு மின்குழாய் விற்கிறார்கள். தொட்டி கிடையாது. தண்ணீர் ஓடும்போதே சூடாகும். இதைக் கொதிநீர்க் குழாய் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது.

அதன் சக்தி 3000 வாட் என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓடினால் சூடு 21 டிகிரிதான் ஏறும். 25 டிகிரித் தண்ணீர் 46 டிகிரி ஆகும். பாத்திரம் கழுவலாம், முகம் கழுவலாம். கிருமி சாகாது. இதைப் பிடித்துக் குழந்தைக்குப் பால் கரைத்தால், காய்ச்சாத தண்ணீரைக் கொடுத்தது போலத்தான். வயிற்றுப்போக்குக்கும் டைபாய்டுக்கும் அதுவே வழியாகிவிடும்.

மேலும், ஈரக் கையால் தொடுகிற மின்சாரச் சாமான் அது. எர்த் சரியாக இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மலையில் எப்படி?

2000, 3000 அடி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். 3000 அடியில் சுமார் 97 டிகிரி. "அப்படியானால் கிருமி சாகுமா?" என்று கேட்கலாம். சந்தேகம் வேண்டாம், சாகும். குமிழி விட்டுத் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். ஆனால் தண்ணீரில் உள்ள உப்பு கொதித்தாலும் போகாது.

மின்சாரம் நின்றுவிட்டால்?

கெட்டிலும் நிற்கும், குழாயும் நிற்கும். அப்போது கை கொடுப்பது கேஸ் அடுப்புதான். ஒரு லிட்டர் காய்ச்ச 10 முதல் 12 கிராம் கேஸ் ஆகும். பாத்திரத்தை மூடி வைத்தால் மிச்சமாகும். விறகு அடுப்பில் விறகு சும்மா கிடைக்கலாம். ஆனால் புகை தாயின் கண்ணையும் மார்பையும் கெடுக்கிறது. அதுவும் ஒரு விலைதானே?

யாருக்கு எது?

நாள் முழுதும் கூட்டம் வருகிற பெரிய ஆபீசுக்கும் ஓட்டலுக்கும் கொதிநீர்க் குழாய் பயன்படும். அங்கே தொட்டி சும்மா இருப்பதில்லை.

வீட்டுக்கு ஒரு கெட்டிலும் ஒரு பிளாஸ்க்கும் போதும். காலையில் காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றி மூடுங்கள். பல மணி நேரம் சூடு இருக்கும். லட்ச ரூபாய்க் குழாய் செய்கிற வேலையும் இதுதான்! பிளாஸ்க்குக்கு மின்சாரச் செலவும் இல்லை.

கெட்டில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

1500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக்கில் சொருகாமல், எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் சொருகுங்கள்.

வேண்டிய அளவு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு டம்ளர் காப்பிக்கு ஒன்றரை லிட்டர் காய்ச்சுவது வீண்.

ஒயர் மேடையிலிருந்து தொங்கக் கூடாது. தவழும் குழந்தை பிடித்து இழுத்தால் கொதிநீர் மேலே கொட்டிவிடும்.

மிச்சமான பணத்தில் முதலில் வீட்டு எர்த்தைச் சரி பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு மற்றதை யோசிக்கலாம்.