மர்பி டவுனைப் பற்றி யார் எழுதுவது?

பெங்களூரில் அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவே இருக்கிறது மர்பி டவுன். கண்டோன்மென்ட் பகுதியில் வேலை பார்த்த தொழிலாளர்களுக்காக பிரிட்டிஷ் நிர்வாகம் உருவாக்கிய குடியிருப்பு அது. முதலில் நாக்ஸ் என்ற அதிகாரியின் பெயரால் நாக்ஸ்பேட்டை என்று அழைக்கப்பட்டது. பிறகு அதை வடிவமைத்த பொறியாளர் மர்பியின் பெயரைப் பெற்றது. அதிகாரியின் பெயரும் பொறியாளரின் பெயரும் பதிவில் இருக்கின்றன. அங்கே முதலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தன, எந்த வேலைக்கு வந்தன, என்ன கூலி வாங்கின என்று கேட்டால், பதில் அந்தத் தெருக்களின் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எழுத மர்பி டவுனிலேயே வளரும் பள்ளி, கல்லூரி மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை. அவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தர வேண்டியது தமிழ் இதழ்களின் கடமை.

எளிய மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே இதழில் எழுதுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். இதழின் விலையே அதன் பெயர். அடுத்த ஆண்டு ‘தமிழன்’ என்று மாறிய அந்த இதழைக் கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்களும் பெங்களூர்த் தமிழர்களும் படித்தார்கள். படித்ததோடு நிற்கவில்லை; கேள்விகளும் கடிதங்களும் தங்கள் ஊர்ச் செய்திகளும் எழுதி அனுப்பினார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். 1926இல் ‘தமிழன்’ மீண்டும் வந்தபோது தங்கவயலிலிருந்தே வந்தது, ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் எழுத்துகளைத் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியது. பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தக் காலத்து எளிய மக்களின் வாழ்வைத் தேடியபோது, அவர்களுக்குக் கைகொடுத்தது இந்த இதழ்தான்.

பின்னாளில் மாணவர்களை நேரடியாகச் செய்திக்களத்தில் இறக்கிய பெருமை விகடனுக்கு உண்டு. எஸ். பாலசுப்ரமணியன் ஆசிரியராக இருந்தபோது, 1980களில் விகடன் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. கல்லூரியில் படித்துக்கொண்டே செய்தி சேகரிக்கலாம். எழுதியது பெயரோடு இதழில் வரும். எந்தப் பாடத்தைப் படிப்பவரும் விண்ணப்பிக்கலாம். இன்று தமிழ் ஊடகங்களில் இருக்கும் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். அந்தத் திட்டத்தின் பலம் வகுப்பறையைவிட அச்சில்தான் இருந்தது. தன் பெயரோடு ஒரு செய்தி வெளியாகிறது என்று தெரிந்ததும், பத்தொன்பது வயதுப் பிள்ளை ஊரின் பெயரை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கிறது.

பெங்களூரில் இதைச் செய்வதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மர்பி டவுனில் பிறந்த பிள்ளை வீட்டில் தமிழ் பேசும். பள்ளியில் ஆங்கிலமோ கன்னடமோ எழுதும். தமிழ்வழிப் பள்ளிகள் குறைந்துபோன நகரத்தில், தமிழ் எழுதத் தெரிந்தவர்தான் தமிழில் செய்தி தரலாம் என்று வைத்தால் பாதிப் பேர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

டெல்லியின் தெருவோரப் பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சேத்னா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு 2003 முதல் அவர்கள் ‘பாலக்நாமா’ என்ற செய்தித்தாளை நடத்துகிறார்கள். குப்பை பொறுக்கியும் கடைகளில் வேலை செய்தும் வாழ்ந்த பிள்ளைகளே அதன் நிருபர்கள். எழுதத் தெரியாதவர்களை அவர்கள் ஒதுக்கவில்லை. அத்தகைய பிள்ளை தன் தெருவில் நடந்ததை வாயால் சொல்லும். எழுதத் தெரிந்த இன்னொரு பிள்ளை அதை எழுதும். சொன்னவரும் நிருபர்தான். மர்பி டவுனுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாட்டியிடம் தமிழில் பேசிக் கைபேசியில் பதிவு செய்ய ஒருவர், அதைத் தமிழில் எழுத ஒருவர், கன்னடத்தில் தர ஒருவர் என்று மூவர் சேர்ந்தால் ஒரு கட்டுரை தயாராகும். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பமும் அதைப் படிக்கும்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ எனும் ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக்காப்பகம், மாணவர்கள் களத்துக்குப் போய் எழுதுவதைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிடுகிறது. அதன் ஒளிப்படக்காரர் எம். பழனி குமார் மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துப் பயிற்றுவிக்கிறார். தங்கள் பெற்றோரின் உழைப்பை அந்தப் பிள்ளைகளே படமாக்குகிறார்கள்.

மர்பி டவுன் மாணவருக்குச் செய்திக்குப் பஞ்சமில்லை. 2011 அக்டோபர் 20 அன்று பெங்களூரின் முதல் மெட்ரோ ரயில் பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அல்சூர், இந்திரா நகர் நிலையங்கள் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. அதன் பிறகு பக்கத்துச் சந்துகளில் வாடகை எவ்வளவு ஏறியது, யார் வீடு மாற்றிப் போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்கலாம். மாநகராட்சியிடம் கேட்க வேண்டியதற்கு 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய், பதில் தர முப்பது நாள் கெடு. கர்நாடக விதிகளின்படி ஒரு மனு ஒரே விஷயத்தைப் பற்றியதாகவும் 150 சொற்களுக்குள்ளும் இருக்க வேண்டும். ‘எங்கள் தெருச் சாக்கடை ஏன் சரியில்லை?’ என்று எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும். இன்ன தெருவில் இன்ன ஆண்டில் சாக்கடை வேலைக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்தக்காரர், வேலை முடிந்த தேதி, பில் நகல் என்று கேட்டால் கோப்பைத் திறந்தாக வேண்டும். 150 சொற்களுக்குள் அப்படிக் கேட்கப் பழகும் மாணவர், செய்தித் தொழிலின் பாதியை அங்கேயே கற்றுவிடுகிறார்.

இதில் ஆபத்தும் உண்டு. வெளியூர் நிருபர் எழுதிவிட்டுப் போய்விடுவார். மாணவரோ மறுநாளும் அதே கடைக்குப் பால் வாங்கப் போக வேண்டும். யார் பெயரை மறைப்பது, எதிர்த்தரப்பை எப்போது கேட்பது, எந்தப் படத்தைப் போடக் கூடாது என்று முடிவெடுக்க அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும். புகார் வந்தால் பதில் சொல்லும் பொறுப்பும் அவருடையதே. பிள்ளையை முன்னே தள்ளிவிட்டு இதழ் ஒதுங்கக் கூடாது.

அல்சூரில் 1950 முதல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இயங்குகிறது. நகரில் தமிழ் நாளிதழ்கள் அச்சாகின்றன; சிற்றிதழ்கள் வருகின்றன. இவர்கள் ஒவ்வொருவரும் மாதம் ஒரு பக்கத்தை மாணவர்களுக்கு ஒதுக்க வேண்டும். கட்டுரையைத் திருத்தித் தர ஒருவரை நியமிக்க வேண்டும். அச்சான எழுத்துக்குச் சிறு தொகையாவது சன்மானம் தர வேண்டும். வேலைக்குப் போய்ப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பது ஒரு நாள் கூலி. பெற்றோரும் ஆசிரியர்களும் இதைப் படிப்பைக் கெடுக்கும் வேலையாகப் பார்க்காமல், பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவைக்க வேண்டும்.