எட்டு தடவை கூப்பிட்டது யார்?

2019 பிப்ரவரி 25, திங்கட்கிழமை காலை. தட்டில் இரண்டு இட்லியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். லாஸ் ஏஞ்சலஸில் அப்போது ஞாயிறு இரவு. சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை அறிவிக்கப் போகிறார்கள். 71 வயது கிளென் க்ளோஸ் பொன்னிற உடையில் உட்கார்ந்திருக்கிறார். 40 லட்சம் மணிகள் கோத்த உடை, எடை 19 கிலோ என்று பத்திரிகைகள் எழுதின. சிலை கிடைக்காவிட்டால் போகிறது என்று அதையே உடுத்திக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. உறையைப் பிரித்தார்கள். ஒலிவியா கோல்மன்! மேடையேறிய கோல்மனுக்கே சங்கடம். க்ளோஸைப் பார்த்து, நீங்கள்தான் எனக்கு ஆதர்சம், இது இப்படி நடந்திருக்க வேண்டாம் என்கிற மாதிரி தழுதழுத்தார்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "இந்தத் தடவையும் அந்தம்மாவுக்கு இல்லையா? பாவம்" என்றாள்.

இந்த 'பாவம்' என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு.

க்ளோஸ் எனக்குப் பழைய பழக்கம். 1980களின் கடைசியில் திருச்சியில் வீடியோ கேசட் லைப்ரரி வைத்திருந்தேன். ஒரிஜினல் கேசட்டா என்று மட்டும் கேட்காதீர்கள். 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், "அண்ணே, அந்த முயல் படம் இருக்கா?" என்பார்கள். திரும்பி வரும்போது ரீவைண்ட் செய்திருக்க மாட்டார்கள். நானே போட்டுச் சுற்றுவேன். குளியல் தொட்டி சண்டை வரும் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் டேப் தேய்ந்து, திரையெல்லாம் கோடு கோடாக ஓடும். அந்த முடிவு பிற்பாடு எடுத்து ஒட்டியது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். முதலில் எடுத்த முடிவில் க்ளோஸ் நடித்த அந்தப் பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு அது போதவில்லை. அவளை யாராவது கொன்றாக வேண்டும் என்று நினைத்தார்கள். அப்படி மாற்றக் கூடாது என்று க்ளோஸ் மல்லுக்கு நின்று தோற்றார். அந்த வருட விருது 'மூன்ஸ்ட்ரக்' படத்துக்காக ஷேருக்குப் போனது.

அடுத்த வருடம் 'டேஞ்சரஸ் லியாசன்ஸ்'. கடையில் அதைச் சீந்த ஆளில்லை. நான்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தொடக்கத்தில் கண்ணாடி முன் உட்கார்ந்து, தன் முகத்தைத் தானே ரசிக்கிற சீமாட்டி. கடைசியில் அதே சீமாட்டியை நாடக அரங்கமே கூச்சல் போட்டு விரட்டுகிறது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் உட்கார்ந்து, முகத்தில் அப்பிய வெள்ளைப் பூச்சைத் துடைக்கிறாள். வசனம் கிடையாது. துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து ஒரு கிழவி வெளியே வருகிறாள். அந்த வருடம் ஜெயித்தவர் ஜோடி ஃபாஸ்டர். நல்ல நடிகை, நல்ல படம். ஆனாலும் ஆஸ்கரில் க்ளோஸ் இதுவரை கண்ட எட்டுத் தோல்வியில் எனக்கு இன்றுவரை மனசு ஆறாதது இந்த ஒன்றுதான்.

மற்றதெல்லாம் அநியாயமா? இல்லை. முதல் மூன்றும் துணை நடிகைக்கான பரிந்துரைகள். 1982, 83, 84 என்று தொடர்ந்து மூன்று வருடப் படங்களுக்கு. முதல் படத்திலேயே ராபின் வில்லியம்ஸுக்கு அம்மா. மகனைவிட அம்மாவுக்கு நாலே வயதுதான் கூடுதல். அடுத்த வருடம் ஜெயித்தவர் லிண்டா ஹன்ட். ஒரு ஆணாகவே நடித்து வாங்கினார். மூன்றாவது வருடம் 'எ பாசேஜ் டு இந்தியா' கிழவியாக வந்த பெக்கி ஆஷ்க்ராஃப்ட். நம் நீலகிரி மலை ரயிலில் விக்டர் பானர்ஜி தொங்கிக்கொண்டு வருவாரே, அந்தப் படம். பெக்கிக்குக் கொடுத்ததைத் தப்பென்று யார் சொல்வது?

நாம் கவனிக்காத விஷயம் வேறொன்று இருக்கிறது. ஆஸ்கரில் நடிப்புக்கான பரிந்துரைகளைத் தீர்மானிப்பவர்கள் அகாடமியில் இருக்கும் நடிகர் நடிகைகள் மட்டுமே. ஜெயிப்பது யார் என்ற ஓட்டைத்தான் ஒலிப்பதிவாளர், விளம்பர ஆள், தயாரிப்பாளர் என்று எல்லா உறுப்பினரும் போடுகிறார்கள். அந்த ஓட்டில் அலை இருக்கும், விளம்பரம் இருக்கும், 'இந்த வருடம் இவருக்கு' என்கிற காற்றும் இருக்கும். தச்சன் இழைத்த பலகையை இன்னொரு தச்சன் தடவிப் பார்த்துச் சொல்கிற மதிப்புதான் பரிந்துரை. எட்டு தடவை க்ளோஸைக் கூப்பிட்டது சக தச்சர்கள்தான். இதற்குப் போய் பாவம் பார்ப்பார்களா?

எட்டிலும் எல்லாம் தங்கம் என்று சொல்ல மாட்டேன். 2019க்குப் பிறகு எட்டாவதாக வந்த 'ஹில்பில்லி எலிஜி' பாட்டி வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது, மட்டமான நடிப்புக்கான ராஸி பரிந்துரையும் வந்தது. ஒரே வேடம்தான்! என் ஓட்டு ராஸி பக்கம்.

கோப்பைக்கும் அவர் ஏங்கிக் கிடக்கவில்லை. நாடகத்துக்கு மூன்று டோனி, தொலைக்காட்சிக்கு மூன்று எம்மி வாங்கியவர். 1982இல் நியூயார்க்கில் சின்ன மேடையில் ஆண் வேடமிட்ட பணியாளாக நடித்த 'ஆல்பர்ட் நாப்ஸ்' கதையை விடாமல் சுமந்து, திரைக்கதையிலும் தயாரிப்பிலும் பங்கெடுத்து, 2011இல் படமாகவே கொண்டுவந்தார். அதற்கும் பரிந்துரை வந்தது. ஜெயித்தவர் மெரில் ஸ்ட்ரீப்.

இப்படிப்பட்டவருக்கு 'வாழ்நாள் சாதனை' என்று ஒரு ஆறுதல் சிலையைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போட்டியில் எட்டு முறை தோற்ற இன்னொருவர் பீட்டர் ஓ'டூல். 2003இல் கௌரவ ஆஸ்கர் தருகிறோம் என்றதும், நான் இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று அகாடமிக்கே கடிதம் எழுதினார். பிறகு மனம் மாறி வாங்கிக்கொண்டார். ஆனால் சொன்னபடி 'வீனஸ்' படத்தோடு மறுபடி போட்டிக்கு வந்தார். அதுதான் எட்டாவது. 74 வயதில் போய் உட்கார்ந்து, அதிலும் தோற்றார்.

க்ளோஸுக்கு ஒன்பதாவது வரட்டும். அன்றைக்கு இட்லியை முன்னாடியே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். அந்த 2019 காலையில் கையிலேயே காய்ந்து போயிற்று.